பொருள்: ‘மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி’ பொருந்தாது

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

> ‘குயுஸ் ரெகியோ, ஏயுஸ் ரெலிகியோ’ என்ற லத்தீன் தொடருக்குப் புதுச்சொல் தேடுவானேன்? ‘மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி’ என்ற பழமொழி கையிலேயே இருக்கிறதே.

லத்தீன் தொடரின் பொருள், ஒரு நிலத்தை ஆள்பவரின் சமயமே அந்நிலத்தின் சமயம் என்பது. பழமொழியைக் கேட்டவுடன் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பழமொழி சொல்வது ஒழுக்கத்தை: மேலே இருப்பவரைப் பார்த்துக் கீழே இருப்பவர்கள் நடப்பார்கள். 1555ஆம் ஆண்டு அவுக்ஸ்பர்க் உடன்படிக்கை சொன்னது சட்டத்தை. மக்கள் பார்த்துப் பின்பற்ற வேண்டும் என்று அங்கே எவரும் எதிர்பார்க்கவில்லை. புனித ரோமப் பேரரசுக்குள் இருந்த ஜெர்மானியச் சிற்றரசர் தம் நிலத்தில் கத்தோலிக்கமா லூத்தரமா என்று முடிவு செய்யலாம். ஒப்பாத குடிகள் சொத்தை விற்று, செலுத்த வேண்டியதைச் செலுத்திவிட்டு வெளியேறலாம். (அந்த லத்தீன் தொடர் உடன்படிக்கையில் கிடையாது. பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் செய்த சுருக்கம் அது. அவர்களும் நம்மைப் போலக் கலைச்சொல் ஆக்கியவர்கள்தாம்.)

பழமொழி தோற்கும் இடம் கொலோன். அங்கே ஆண்ட பேராயர் கெப்ஹார்ட் ட்ருக்ஸெஸ் 1582இல் சீர்திருத்தச் சமயத்துக்கு மாறினார். அடுத்த ஆண்டு ஆக்னெஸ் என்ற மாதரசியை மணந்தார். பதவியையும் விட மறுத்தார். பழமொழிப்படி கொலோன் மக்கள் அவர் வழியில் போயிருக்க வேண்டும். ஆனால் உடன்படிக்கையில் ஒரு விலக்கு உண்டு: சமயம் மாறும் பேராயர் பதவி விலக வேண்டும், நிலம் கத்தோலிக்கமாகவே இருக்கும். வேறொரு கணக்கும் இருந்தது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு ஏழு பேரிடம். அவர்களில் சாக்சனி, பிராண்டன்பர்க், பாலட்டினேட் ஆகிய மூவர் புராட்டஸ்டண்ட். கொலோனும் சேர்ந்தால் நான்கு. ஒரு திருமணத்தால் பேரரசே கைமாறியிருக்கும்! பவேரியப் படையும் ஸ்பானியப் படையும் இறங்கின. கெப்ஹார்டின் இடத்தில் பவேரியக் கோமகன் குடும்பத்து எர்ன்ஸ்ட் அமர்ந்தார்.

> அப்படியானால் ‘அரசன் சமயமே நாட்டுச் சமயம்’ என்று வைக்கலாமே?

லத்தீனில் அரசன் இல்லை, நிலம்தான் இருக்கிறது. ஆண்டவர்களில் பேராயர்கள் உண்டு, குவெட்லின்பர்க் மடத்தலைவி போன்ற பெண்களும் உண்டு. அதனால் என் பரிந்துரை ‘எவர் நாடோ அவர் சமயம்’. லத்தீனைப் போலவே நான்கே சொற்கள், வரிசையும் அதே.

ஆனால் இது சூத்திரம் மட்டுமே. அதன் பின்னால் இருக்கும் அதிகாரத்துக்குத் தனிச்சொல் வேண்டும். லத்தீனில் அது ‘யுஸ் ரெஃபொர்மாண்டி’. ‘சீர்திருத்த உரிமை’ என்று நேராகப் பெயர்த்தால், கத்தோலிக்க அரசர் தம் நாட்டைக் கத்தோலிக்கமாகவே வைத்துக்கொள்வதும் சீர்திருத்தமாகிவிடும். ‘சமயத் தேர்வுரிமை’ என்றால் தேர்ந்தெடுப்பவர் குடிமகன் என்று தோன்றும். ‘சமய வகுப்புரிமை’ ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை நினைவூட்டுகிறது. நான் சொல்வது ‘சமயவிதிப்புரிமை’. வரி விதிப்பவரே சமயத்தையும் விதித்தார்.

‘உரிமை’ என்ற பகுதியை விட்டுவிடக் கூடாது, ஏனெனில் அதைப் பயன்படுத்தாமலும் விடலாம். பிராண்டன்பர்க்கின் யோஹான் சிகிஸ்முண்ட் 1613இல் கால்வினியத்துக்கு (லூத்தரம் அல்லாத இன்னொரு புராட்டஸ்டண்ட் பிரிவு) மாறினார். குடிகள் லூத்தரர்களாகவே இருந்தார்கள். பாலட்டினேட்டிலோ நேர்மாறு. அடுத்தடுத்து வந்த ஆட்சியாளர்கள் லூத்தரம், கால்வினியம், மறுபடி லூத்தரம், மறுபடி கால்வினியம் என்று விதித்தார்கள். ஹைடல்பெர்க் நகரில் ஒருவர் தம் ஆயுளுக்குள்ளேயே இவ்வளவையும் கண்டிருக்கலாம். கால்வினியத்துக்கு 1555இல் இடமே இல்லை என்பது இதைவிடப் பெரிய சிக்கல். அந்தப் பாலட்டினேட்டின் ஐந்தாம் பிரடெரிக்தான் 1619இல் பொஹீமிய முடியை ஏற்றுக் கத்தோலிக்கப் பேரரசரோடு மோதினார். முப்பதாண்டுப் போர் அங்கிருந்து விரிந்தது.

1648இல் வெஸ்ட்ஃபேலிய உடன்படிக்கை கால்வினியத்தைச் சேர்த்துக்கொண்டது. 1624 ஜனவரி 1 அன்று எந்த இடத்தில் எந்தச் சமயம் இருந்ததோ அதுவே நிலைக்கும் என்றும் பெரும்பாலும் முடிவு செய்தது. இதற்கு ‘வரையறை ஆண்டு’ போதும். சமயவிதிப்புரிமையின் பல் இதோடு பிடுங்கப்பட்டது: 1697இல் சாக்சனியின் அகஸ்டஸ் போலந்து முடிக்காகக் கத்தோலிக்கரானார், சாக்சனி அசையவில்லை.

எனக்குத் தீராதது வெளியேறும் உரிமைக்கான சொல். ‘குடிபெயர்வுரிமை’ என்று எழுதிவைத்திருந்தேன். 1731இல் சால்ஸ்பர்க் பேராயர் ஃபிர்மியான் ஏறத்தாழ 20,000 புராட்டஸ்டண்டுகளை வெளியேற்ற ஆணையிட்டார். நிலமில்லாதவர்களுக்குக் கிடைத்த தவணை எட்டு நாள், அதுவும் குளிர்காலத் தொடக்கத்தில். அவர்கள் வெளியேறியதையும் இதே சொல்லால் எழுதும்போது ‘உரிமை’ என்ற சொல் கூசுகிறது. ‘குடிநீக்கம்’ என்றாலோ விரும்பிப் போனவர்கள் விடுபட்டுப்போகிறார்கள். இரண்டையும் தாங்கும் சொல் எவரிடமாவது இருக்கிறதா?