எண்ணெய் நுகர்வா, எண்ணெய்க் குடிப்பா? இன்ஜின் பழுதுப் பாடத்துக்குச் சில சொற்கள்

[திருச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியை]

குழுவினருக்கு வணக்கம்.

மோட்டார் வண்டிப் பிரிவு மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆயில் குறைந்து இன்ஜின் கெட்டுப்போவது பற்றிய பாடத்தில் மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டேன்: ஆயில் கன்ஸம்ப்ஷன் (இன்ஜினுக்குள் ஆயில் எரிந்து குறைவது), ஆயில் ஸ்டார்வேஷன் (பேரிங்குக்கு ஆயில் எட்டாமல் போவது), சீஷர் (இன்ஜின் சுழல முடியாமல் நின்றுபோவது). குறிப்பைச் சரிபார்த்தவர் இவற்றை 'எண்ணெய் நுகர்வு', 'எண்ணெய்ப் பட்டினி', 'கைப்பற்றல்' என்று மாற்றி அனுப்பியிருக்கிறார். மூன்றாவதைப் படித்தால் இன்ஜினைப் போலீஸ் எடுத்துப்போன மாதிரி இருக்கிறது. முதல் இரண்டும் தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் மாணவர்கள் வாயில் வருமா என்று சந்தேகம். பட்டறை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

[கோவை, பட்டறை நடத்துபவர்]

டீச்சரம்மா, வணக்கமுங்க. பட்டறையில நாங்க பேசறத அப்படியே எழுதறேன். சொல்லு எடுத்துக்கறது உங்க வேலை.

வண்டி வந்ததும் கஸ்டமர் சொல்றது "ஆயில் குறையுது". நாங்க முதல்ல அடியில படுத்துப் பாப்போம். டாப்பட் கவர் பேக்கிங், ஆயில் சேம்பர் (அடியில ஆயில் நிக்கற தொட்டி) பேக்கிங், கிராங்க் சீல், ஃபில்டர், டிரெயின் போல்ட் வாஷர். இதுல எங்கயாச்சும் ஈரம் இருந்தா "லீக்". எங்கயும் ஈரமே இல்ல, மட்டம் பாக்கற ஸ்டிக்குல மட்டும் ஆயில் இறங்கிட்டே போகுதுன்னா "வண்டி ஆயில் குடிக்குது". கன்ஸம்ப்ஷன்னு பில்லுலதான் எழுதுவோம், வாயில சொல்றது குடிக்குதுதான்.

எங்க குடிக்குதுன்னு புகையே காட்டிக்கொடுக்கும். காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஒரு தடவ குப்புன்னு நீலப்புகை வந்து அப்புறம் நின்னா வால்வ் சீல். ராத்திரி பூரா சொட்டி நின்ன ஆயில் எரியுது, அவ்வளவுதான். ஆக்ஸிலேட்டர் மிதிக்கறப்பெல்லாம் புகைஞ்சா பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங். கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையத்துக்கு கால எடுத்துட்டே கியர்ல இறங்கி, கீழ வந்து மிதிச்சதும் பின்னாடி வர்றவனுக்கு ரோடு தெரியாம புகை அடிச்சா வால்வ் கைடும் பாக்கணும், ரிங்கும் பாக்கணும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினா நுனி ஈரக் கருப்பா, விரல்ல தொட்டா பிசுபிசுன்னு இருக்கும். பெட்ரோல் அதிகமா எரிஞ்ச கரி காஞ்ச பொடியா வரும், துடைச்சா போயிடும். இது போகாது.

ஒண்ணு கேக்கணும். பிரீதர், அதான் இன்ஜினுக்குள்ள சேர்ற வாயுவை வெளிய விடற குழாய், அடைச்சுக்கிட்டா உள்ள பிரஷர் ஏறி சீலையும் தள்ளும், அதே சமயம் ஆயிலை இன்டேக்குலயும் ஏத்தும். அது லீக்கா, குடிக்கறதா? ரெண்டும்தானுங்க. உங்க சொல்லுல இதுக்கு இடம் இருக்கணும்.

[சென்னை, வண்டிக் கையேடுகளை மொழிபெயர்ப்பவர்]

> வாயில சொல்றது குடிக்குதுதான்.

அண்ணே, நான் தேடிக்கொண்டிருந்த சொல்லையே கொடுத்துவிட்டீர்கள். ஏன் 'நுகர்வு' கூடாது என்று சற்று நீட்டியே சொல்கிறேன்.

ஒன்று எதற்காக இருக்கிறதோ அதற்காகச் செலவாவதுதான் நுகர்வு. பெட்ரோல் நுகர்வு சரி, மின் நுகர்வு சரி. இன்ஜின் ஆயில் செலவாவதற்காக ஊற்றப்படுவதில்லை. சேம்பரில் கிடந்து, பம்பில் ஏறி, பேரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் நனைத்து, திரும்பச் சேம்பருக்கே வடிய வேண்டும். சிலிண்டர் சுவரில் தங்கும் மெல்லிய படலத்தில் கொஞ்சம் எரியத்தான் செய்யும், எந்த இன்ஜினிலும் அதைத் தவிர்க்க முடியாது. பிரச்சினை அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில் இருக்கிறது. 'நுகர்வு' என்று எழுதிவிட்டால் லிட்டர் கணக்கில் காணாமல் போவதும் மின்கட்டணம் போல இயல்பான செலவாகத் தெரியும்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏ.இசட்.-எஃப்.இ. இன்ஜின், 2007 முதல் 2009 வரையிலான கேம்ரிகளில் வந்தது. ஆயில் ரிங்கும் பிஸ்டனில் ஆயில் திரும்பும் துளைகளும் கரி கட்டி அடைத்துக்கொண்டு, வழிக்க வேண்டிய ஆயிலை வழிக்காமல் மேலே விட்டன. புகார்கள் குவிந்த பிறகு நிறுவனம் உத்தரவாதத்தை நீட்டித்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக்கொடுத்தது. ஆனால் அதற்குத் தகுதி பெற ஒரு சோதனை: டீலர் ஆயிலை நிரப்பி அனுப்புவார், 1,200 மைல் ஓட்டிவிட்டு வர வேண்டும், ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால்தான் பழுது. நம் கணக்கில் 1,000 கி.மீ.க்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர். அதற்குக் கீழே என்றால் இயல்பு. ஜெர்மன் வண்டிகளின் கையேடுகளிலும் இதே அரை லிட்டரைப் பார்த்திருக்கிறேன்.

அந்த இயல்பைக் கூட்டிப் பாருங்கள். 10,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்றும் வண்டி, சேம்பரில் 4 லிட்டர். அரை லிட்டர் வீதம் போனால் அடுத்த சர்வீசுக்குள் 5 லிட்டர் போயிருக்க வேண்டும். இருப்பதே 4! ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு லிட்டர்தான், அது 2,000 கி.மீ.யிலேயே தீர்ந்துவிடும். இதைக் 'குடிக்கிறது' என்று கையேட்டில் அச்சிட்டிருந்தால் அடுத்த வரியில் 'இயல்பு' என்று எழுதக் கை வந்திருக்குமா?

சமையலறையில் இந்தச் சொல் எப்போதோ நிலைத்துவிட்டது. கத்தரிக்காய் எண்ணெய் குடிக்கும். மாவு சரியில்லாத பூரி எண்ணெய் குடிக்கும். போக வேண்டாத இடத்துக்கு எண்ணெய் போவதைத்தான் அங்கேயும் சொல்கிறோம். ஆகவே கன்ஸம்ப்ஷன் என்பதற்கு 'எண்ணெய்க் குடி'. 1,000 கி.மீ.க்கு இத்தனை மில்லி என்ற கணக்கு 'குடியளவு'. அந்த 1,200 மைல் சோதனை 'குடியளவுச் சோதனை'. கிளைச்சொல் விடுகிற சொல்லைத்தான் பாடத்தில் நட வேண்டும். நுகர்விலிருந்து நுகர்வோர்தான் வருவார்.

பிரீதர் கேள்விக்கு: மேலே ஒரு பொதுச்சொல் வைப்போம், 'எண்ணெய் இழப்பு'. வெளியே போனால் கசிவு, உள்ளே எரிந்தால் குடி. பிரீதர் அடைப்பால் இரண்டு வழியிலும் இழப்பு.

அடுத்தது பட்டினி. ஆங்கிலத்தில் பொருந்தியிருக்கலாம், தமிழில் குழப்பும். குடிக்கிற இன்ஜினே பட்டினி கிடக்கிறது என்றால் மாணவன் எதை நினைப்பான்? ஆயில் மேலே பிஸ்டன் பக்கம் எரிகிறது, கீழே பேரிங் காய்கிறது, இடங்கள் வேறு. நான் 'மசகு வறட்சி' என்பேன். பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க். அதன் பேரிங்கில் உலோகத்தோடு உலோகம் உரசுவதில்லை, நடுவிலிருக்கும் ஆயில் படலத்தில் கிராங்க் மிதக்கிறது. சேம்பரில் மட்டம் இறங்கினால் திருப்பத்திலும் பிரேக்கிலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்பின் வாய் காற்றை இழுக்கும், படலம் அறும். முதலில் காய்வது பெரும்பாலும் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்.

வறட்சியை இழப்போடு சேர்த்துக் கட்டவும் கூடாது. சேம்பர் நிறைய ஆயில் இருந்தும் பேரிங் வறளலாம். ஹூண்டாய் 2015-இல் அமெரிக்காவில் 2011, 2012 சொனாட்டாக்களில் சுமார் 4.7 லட்சத்தைத் திரும்ப அழைத்தது நினைவிருக்கலாம். கிராங்கைக் கடைந்தபோது தங்கிய உலோகத் துகள் ராட் பேரிங்குக்கு ஆயில் போகும் வழியை அடைத்தது. அங்கே இழப்பு இல்லை, வறட்சி உண்டு. பாடத்தில் இவை இரண்டும் தனித்தனிப் பத்தியாக வர வேண்டும்.

சீஷருக்கு 'இறுகல்' போதும். இன்ஜின் இறுகிவிட்டது. இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

[மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்]

தம்பியின் விளக்கம் நன்று. நுகர்வை விலக்கியதில் எனக்கு உடன்பாடே. ஆயின் 'எண்ணெய்க் குடி' என்று எழுதிப் பாருங்கள். காரைக்குடி, மன்னார்குடி வரிசையில் ஓர் ஊர் போலல்லவா தோன்றுகிறது? போதாக்குறைக்குக் குடி என்றால் மது, குடி என்றால் குலம். கலைச்சொல் தனித்து நின்றாலும் ஒரு பொருளே தர வேண்டும். 'எண்ணெய் உறிஞ்சல்' ஆகாதா?

[சென்னை]

ஐயா, ஊர்ப்பெயர் போலிருக்கிறது என்பது முழுக்கச் சரி, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் உறிஞ்சலை எடுக்க முடியாது. சேம்பரின் அடியிலிருந்து பம்ப் ஆயிலை இழுக்கும் குழாய் 'உறிஞ்சு குழாய்' என்று முந்தைய பாடத்திலேயே வந்துவிட்டது. அது இன்ஜினை வாழவைக்கிற உறிஞ்சல், அதே சொல்லைப் பழுதுக்கும் வைத்தால் தேர்வில் பையன்கள் மாற்றி எழுதுவார்கள். 'எண்ணெய்க் குடிப்பு' என்றால்? நடிப்பு, படிப்பு போல வினையிலிருந்து நேராக வருகிறது, ஊரும் இல்லை, குலமும் இல்லை. 'குடியளவு' அப்படியே இருக்கட்டும்.

[மதுரை]

குடிப்பு ஏற்கத்தக்கதே. குடியளவை மதுவிலக்குத் துறையினர் கேட்டு வராத வரை எனக்குத் தடையில்லை.

[யாழ்ப்பாணம், வாகனப் பொறியியல் படிப்பவர்]

வணக்கம். எங்கட கராச்சிலயும் "ஒயில் குடிக்குது" எண்டுதான் சொல்லுறது. ஆகவே குடிப்பு இங்கையும் விளங்கும். பிஸ்டனுக்கு ஆடுதண்டு எண்டு புத்தகத்தில படிச்சனாங்கள், கராச்சில ஒருத்தரும் சொல்லுறேல்ல, அது வேற கதை.

நான் சொல்ல வந்தது கசிவைப் பற்றி. நாங்கள் லீக்குக்கு ஒழுக்கு எண்டு சொல்லுவம். உங்கட கசிவும் எங்கட ஒழுக்கும் ஒண்டில்லை எண்டு நினைக்கிறன். பேக்கிங் விளிம்பில ஈரம் ஊறி, அதில தூசி ஒட்டிக் கறுத்துக்கிடக்கிறது கசிவு. அதைத் துடைச்சுப்போட்டு கொஞ்ச நாள் பாக்கலாம், உடன கழட்டத் தேவையில்லை. வாகனம் நிண்ட இடத்தில சொட்டு விழுந்தா அது ஒழுக்கு, விடக்கூடாது. கிராங்கின்ர பின் சீல் ஒழுகினா கியர்பெட்டியும் இன்ஜினும் சேருற இடத்தில வடியும், கிளச்சில ஒயில் பட்டு அதுவும் வழுக்கும். ரண்டுக்கும் ரண்டு சொல் இருக்கேக்க ஏன் ஒண்டை மட்டும் பாவிக்க வேணும்?

[கோவை]

தம்பி சொன்னது ரொம்பச் சரிங்க. நாங்களும் கஸ்டமர்கிட்ட "சும்மா ஊறுதுங்க, ஓட்டுங்க"ன்னும் "ஒழுகுது, விட்டுட்டுப் போங்க"ன்னும் பிரிச்சுத்தான் சொல்றோம். இங்கிலீஷ்ல எழுதறப்ப மட்டும் எல்லாமே லீக் ஆயிடுது.

டீச்சரம்மா, லைட்டு விஷயத்தையும் பாடத்துல போடுங்க. டேஷ்போர்டுல சிவப்பா எரியற ஆயில் லைட்டை முக்காவாசிப் பேர் ஆயில் குறைஞ்சா எரியும்னு நினைச்சுட்டு இருக்காங்க. அது பிரஷர் லைட்டு. பிரஷர் விழுந்த பிறகுதான் எரியும். மட்டத்துக்குத் தனி சென்சார் நிறைய வண்டியில கிடையாது. திருப்பத்துல ஒரு தடவ மினுக்கிட்டு அணைஞ்சிருக்கும், "லூஸ் கனெக்ஷன்"னு விட்டுட்டு ஓட்டுவாங்க. அப்புறம் அடியில டக் டக்னு ராட் தட்ட ஆரம்பிக்கும். அதோட பாட்டை சத்தமா வெச்சுட்டுப் போனா, ராட் உடைஞ்சு பிளாக்கையே குத்திட்டு வெளிய வந்துடும். அப்படி வர்ற வண்டிக்கு நாங்க சொல்ற கொட்டேஷனைக் கேட்டு, வேற இன்ஜினே வாங்கி வெச்சுக்கறவங்க உண்டு.

அப்புறம் பேக் கம்ப்ரஷனுக்கும் ஒரு பேரு வைங்க. ஆயில் ஊத்தற மூடியத் திறந்தா புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதுமே, அது.

[திருச்சி]

எல்லோருக்கும் நன்றி. பேக் கம்ப்ரஷனைப் 'பின்னழுத்தம்' என்று எழுத முடியாது, சைலன்ஸர் பாடத்தில் அந்தச் சொல் வேறு பொருளில் இருக்கிறது. ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு என்பதால் 'வாயு நழுவல்' என்று எழுதி வைத்திருக்கிறேன், இதைவிட நல்லதாக யாராவது சொன்னால் மாற்றிவிடுவேன்.

இப்போதைக்குப் பத்தி இப்படி வந்திருக்கிறது:

"எண்ணெய் இழப்பு இருவகைப்படும். சீல், பேக்கிங் வழியே வெளியேறுவது கசிவு. அது சொட்டத் தொடங்கினால் ஒழுக்கு. ரிங், வால்வ் சீல் வழியே உள்ளே சென்று எரிவது எண்ணெய்க் குடிப்பு. அதன் அளவு, அதாவது குடியளவு, 1,000 கி.மீ.க்கு மில்லிலிட்டரில் குறிக்கப்படும். இழப்பைக் கவனிக்காமல் ஓட்டினால் பேரிங்கில் மசகு வறட்சி ஏற்பட்டு இன்ஜின் இறுகும். மட்டத்தைப் பார்க்க இன்ஜினை நிறுத்தி 10 நிமிடம் கழித்து ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுக்கவும்."

[கோவை]

நல்லா இருக்குங்க. "வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும்"னு ஒரு வரி சேத்துக்கங்க. சரிவுல நிறுத்திப் பாத்துட்டு மேல்கோட்டைத் தாண்டி ஊத்திட்டு வர்றவங்களும் இருக்காங்க. அதிகமா ஊத்தினா கிராங்க் ஆயிலை அடிச்சு நுரையாக்கிடும், அப்பவும் உங்க மசகு வறட்சிதான்.