கச்சத்தீவுக் கோப்புகள்: வெளிவந்த பக்கங்கள் போதுமா?

பாம்பன்காற்று:
1974 ஒப்பந்தத்தில் இலங்கை வசம் போன கச்சத்தீவு பற்றிய வெளியுறவுத் துறை ஆவணங்கள் 2024 மார்ச் 31 அன்று செய்தித்தாளில் வந்தன. அப்போது தமிழக பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கியவை. 1961 மே 10 தேதியிட்ட நேருவின் குறிப்பு அதில் இருக்கிறது. இந்தச் சின்னத் தீவுக்குத் தான் முக்கியத்துவமே தரவில்லை, உரிமை கோருவதைக் கைவிடவும் தயங்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறார். அந்த 285 ஏக்கரில்தான் என் தாத்தா வலை உலர்த்தினார். இத்தனை காலம் மேடைக்கு மேடை ஒரு கதை கேட்டோம். இப்போது கோப்பே பேசிவிட்டது. இதற்குமேல் என்ன விவாதம்?

பழுப்புத்தாள்:
நிறைய இருக்கிறது, நண்பரே. இதே வெளியுறவு அமைச்சகம் 2015 ஜனவரி 27 அன்று, இதே சட்டத்தின்கீழ் வேறொரு மனுவுக்குப் பதில் கொடுத்தது. எல்லை வரையறுக்கப்படாத பகுதி அது, ஆகவே இந்திய நிலம் எதையும் பெறவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை என்றது. கோப்பு பேசிவிட்டது என்கிறீர்களே, அந்தக் கடிதமும் அரசாங்கத் தாள்தானே?

பாம்பன்காற்று:
2015இல் வந்தது ஓர் அதிகாரி கேள்விக்குச் சொன்ன பதில். 1961 குறிப்பு, பிரதமர் தன் மனத்தில் இருந்ததை அன்றைக்கே எழுதியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். தீவின் மீது ராமநாதபுரம் ஜமீனுக்கு இருந்த உரிமையை வைத்து இந்தியாவுக்கு வலுவான வாதம் இருக்கிறது என்று அன்றைய அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) சீதல்வாட் சொன்ன கருத்தும் இதே கட்டில் வந்திருக்கிறது. அப்படியிருந்தும் கைவிடத் தயார் என்று ஒருவர் எழுதினால் எனக்குக் கோபம் வராதா?

பழுப்புத்தாள்:
கோபம் வரட்டும். நானும் ஒரு தாளைப் பார்த்துக் கோபப்பட்டவன்தான், கேளுங்கள். எங்கள் ஊர்க் கண்மாயில் ஒரு பகுதியைக் கட்டடம் கட்ட ஒதுக்கினார்கள். பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். தபாலில் ஆறு பக்கம் வந்தது. நிலத்தை ஒதுக்கலாம் என்று தாசில்தார் பரிந்துரைத்த பக்கம் அதில் இருந்தது. ஊர்க் கூட்டத்தில் அதைப் படித்துக்காட்டி அந்த மனிதரை வாயில் வந்தபடி திட்டினேன். மூன்று மாதம் கழித்து, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கிடைத்தது. ஓரமெல்லாம் கரையான் அரித்த கட்டு. புரட்டிக்கொண்டே போனால் 83ஆம் பக்கத்தில் அதே தாசில்தார், அதே கையெழுத்து. மழைக்காலத்தில் மறுபடி இடத்தைப் பார்த்ததாகவும், தண்ணீர் முழங்கால் அளவு நிற்பதாகவும், முந்தைய பரிந்துரையைத் திரும்பப் பெறுவதாகவும் நீல மையில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பவே இல்லை. ஊரில் நான் கெடுத்த பெயரை இன்றுவரை என்னால் முழுதாகத் துடைக்க முடியவில்லை.

1961 குறிப்புக்கும் 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தத்துக்கும் நடுவே 13 ஆண்டுகள். அந்த 13 ஆண்டுகளின் 83ஆம் பக்கங்கள் எங்கே?

தென்கரை:
இடையில் ஒன்று. பொது ஆவண விதிகள் 1997இன்படி, 25 ஆண்டு கடந்தும் பாதுகாக்கத் தக்க கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 1974 கோப்பு 1999இலேயே அங்கே போயிருந்தால், யாரும் மனுப் போட்டு வாங்க வேண்டிய தேவையே வந்திருக்காது. மாணவர் ஒருவர் மேசையில் விரித்து முழுதாகப் படித்திருப்பார். எனக்கு வருத்தம் அதில்தான்.

பாம்பன்காற்று:
சரி. ஆனால் தமிழகத்தில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு 19 நாள் முன்பு வந்தது என்பதற்காக ஒரு பக்கம் பொய்யாகிவிடாது. கொடுத்தவர் யார், எப்போது கொடுத்தார் என்பதைப் பார்த்தா எழுத்தை நம்புவது?

பழுப்புத்தாள்:
பொய் என்று நான் சொல்லவில்லை. ஒற்றைப் பக்கத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்கிறேன். அன்றைய முதல்வர் கருணாநிதி வெளியுறவுச் செயலரைச் சந்தித்த 1974 ஜூன் குறிப்பும் வெளியானது. ஒப்பந்தத்தை எதிர்த்து அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தையும் பக்கத்தில் வைத்தல்லவா அதைப் படிக்க வேண்டும்?

உங்கள் தாத்தாவின் கதைக்கு 1961ஐவிட முக்கியமான தேதி ஒன்று உண்டு. 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே விசா இல்லாமல் தீவுக்குப் போகலாம் என்றது. 1976 மார்ச் 23 அன்று பரிமாறிய கடிதங்கள்தான் ஒரு நாட்டுப் படகு மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. அன்றைக்கு நெருக்கடிநிலை; மாநில ஆட்சியை ஜனவரி 31 அன்றே கலைத்துவிட்டார்கள். தமிழகத்தின் பெயரில் ஆட்சேபம் எழுதச் சென்னையில் ஓர் அமைச்சரவைகூட இல்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்ற மீன்வளக் கடல்பகுதி நம் பக்கம் வந்ததும் அதே நாள் கடிதங்களில்தான். அந்தப் பேச்சுவார்த்தையின் குறிப்புப் பக்கங்களைக் கேளுங்கள்.

தென்கரை:
கேட்கும்போது நகல் மட்டும் கேட்காதீர்கள். கோப்பு முழுவதையும் பார்வையிட வேண்டும் என்று எழுதுங்கள். இறையாண்மையைச் சொல்லி மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி மறுக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரும்படி மேல்முறையீடு செய்யலாம்.

பாம்பன்காற்று:
நேருவைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் 1976 கோப்பைக் கேட்க நாளைக்கே பத்து ரூபாய் அஞ்சல் ஆணை வாங்குகிறேன். அந்தக் கடிதங்களில் கையெழுத்து விழும் முன், ராமேசுவரம் கரையில் ஒரே ஒரு மீனவரையாவது கூப்பிட்டுக் கேட்டார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பழுப்புத்தாள்:
அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் இங்கே சொல்லுங்கள், மேல்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன்.