கெனன் 1200டியிலிருந்து எதற்குப் போவது: பழைய 80டியா, புது ஆர்10ஆ? (காமன் கூத்து இரவுப் படங்கள்)

டிக்கோயா சாரல் எழுதியது:

வணக்கம். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். கிழமை நாட்களில் பள்ளிக்கூட வேலை, சனி ஞாயிறில் கெமரா. பெரிய ஸ்டூடியோக்காரன் எல்லாம் இல்லை. சடங்கு, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று கூப்பிட்டால் போவேன். கையில் இருப்பது கெனன் 1200டி. அதோடு வந்த 18-55, பிறகு சேர்த்த 55-250, 50 எம்எம் எப்1.8 ஆகிய லென்ஸ்கள், ஒரு பழைய ப்ளாஷ்.

இந்த மாசிக் காமன் கூத்தில் (ரதி மன்மதன் கதையைத் தோட்டத்தில் ஆடுவது) ரதி வேஷம் கட்டியது என் மாமா மகன். அத்தைக்கு ஒரு நல்ல படம் ப்ரேம் போட்டுக் கொடுக்க நினைத்திருந்தேன். விடிய விடிய 640 படம் எடுத்தேன். காலையில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், ரதியின் காதுத் தோடு பளிச்சென்று இருக்கிறது, கண் மங்கல். தப்பு மேளம் அடிப்பவர்களுக்குக் கையே இல்லை, புகை மாதிரி ஏதோ ஓடுகிறது. அடுத்தடுத்து எடுத்த மூன்று படத்தில் ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்றுதான் சரி. போதாததற்கு டியூப் லைட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு படலம்.

சீட்டு எடுத்த காசு இருக்கிறது. கண்டியில் ஒரு கடையில் பாவித்த 80டி பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கினால் கையில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். புது ஆர்10ஐ, பழைய லென்சை அதில் மாட்ட வேண்டிய அடாப்டரோடு எடுத்தால் சீட்டுக் காசு மொத்தமும் முடிந்துவிடும். விலையை இங்கே போடவில்லை, வாரத்துக்கு வாரம் மாறுகிறது. எதை எடுப்பது? "போன்லயே நல்லாத்தானே வருது" என்று அம்மா சொல்வதற்கும் பதில் வேண்டும்.

கண்டி ரோடு எழுதியது:

ஆர்10. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 80டி மாதிரி, படத்தைக் கண்ணுக்குத் திருப்பிக் காட்டும் கண்ணாடி உள்ளே வைத்த கெனன் கெமராவுக்குப் புது லென்ஸ் வருவதே நின்றுபோயிற்று.

ஹட்டன் கல்யாணக்காரன் எழுதியது:

கண்டி ரோடு தம்பி சொல்வது சரிதான், ஆனால் சாரல் தம்பிக்குப் புது லென்ஸ் வாங்கக் காசு எங்கே இருக்கிறது? இருக்கிற மூன்றும் 80டியில் அப்படியே மாட்டும்.

நான் 80டி வந்த 2016இலிருந்து அதில்தான் கல்யாணம் எடுக்கிறேன். ஒரு பெட்டரிக்கு 960 படம் என்று கம்பனிக் கணக்கு. ஆர்10இன் பெட்டரி சிறியது, அதில் பாதியையும் எட்டாது. விடிய விடியக் கூத்து என்றால் மூன்று பெட்டரி கட்டிக்கொண்டு போக வேண்டும். லயத்து வீட்டில் கரண்ட் போனால் சார்ஜும் போச்சு.

அடுத்தது மழை. 80டியின் உடம்பில் தூசிக்கும் தூறலுக்கும் ஓரளவு காப்பு உண்டு, ஆர்10இல் இல்லை. டிக்கோயாவில் வருடத்தில் பாதி நாள் தூறல்தானே. போகஸ் புள்ளி, அதாவது கெமரா தெளிவைப் பிடிக்கும் இடம், உங்கள் 1200டியில் ஒன்பது. அதில் நடுப் புள்ளி மட்டும்தான் குறுக்கும் நெடுக்கும் பார்க்கும், மற்ற எட்டும் இருட்டில் திணறும். 80டியில் 45, எல்லாமே குறுக்குப் புள்ளி. தோடு தெளிந்து கண் மங்கியது அந்த நடுப் புள்ளியால்தான் என்று நினைக்கிறேன்.

பண்டாரவளை பழைய ரீல் எழுதியது:

தம்பி, எதை வாங்குவது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் இரண்டு காரியம் செய்யுங்கள். ரதி படம், தப்புப் படம், நிறம் மாறிய படம் மூன்றுக்கும் எந்த லென்ஸ், என்ன ஷட்டர் (வினாடியில் எத்தனையில் ஒரு பங்கு திறந்திருந்தது), என்ன ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டியது) என்று எழுதுங்கள். அடுத்து, விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொரு லென்சையும் கழற்றி, பின்னாலிருந்து போன் டோர்ச்சை அடித்து, முன்னாலிருந்து கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கெமராப் பையை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்?

டிக்கோயா சாரல் எழுதியது:

அண்ணே, பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது.

50 எம்எம்மில் கொஞ்சம் தூசி மட்டும். 18-55 சுத்தம். 55-250இல் உள்பக்கக் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல் மாதிரி கிளை கிளையாகப் போகிறது. சிலந்தி வலையை ஒட்டி வைத்த மாதிரி. எத்தனையோ இரவில் இதில் எடுத்திருப்பேன், இதுவரை கண்ணில் படவே இல்லை.

பை அடுப்படிப் பரணில் இருக்கும். விறகு அடுப்புச் சூட்டில் ஈரம் ஏறாது என்று அம்மாதான் அங்கே வைப்பார்.

விவரம்: ரதி படம் 50 எம்எம், எப்1.8, 1/320, ஐஎஸ்ஓ 3200. நடுப் புள்ளியை முகத்தில் வைத்து, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, கெமராவைத் திருப்பி எடுத்தேன். நிறம் மாறியதும் அதே அமைப்புதான். தப்புப் படம் 55-250, எப்5.6, 1/30, ஐஎஸ்ஓ 6400. வெளிச்சம் என்றால் கோயில் முன்னால் கட்டிய இரண்டு டியூப் லைட், ஒரு குண்டு பல்ப்.

பண்டாரவளை பழைய ரீல் எழுதியது:

அந்த நூல் பூஞ்சணம். நம் மலைப்பக்கத்து லென்ஸ்களுக்கு வரும் வியாதி அதுதான். காற்றில் ஈரப்பதம் 60, 70 வீதத்தைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். பரணில் வைத்ததால் காயவில்லை தம்பி. அடுப்பு எரியும்போது சூடு, இரவில் குளிர், ஒவ்வொரு முறையும் உள்ளே பனி கோத்து இறங்கும். விறகுப் புகையின் எண்ணெய்ப் பசை வேறு. அம்மாவைத் திட்டாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அரிசிப் பானைக்குள் வைத்தவன்தான், லென்ஸ் மடிப்பெல்லாம் மாவாகிப் போனது.

அந்த லென்சைப் பிரித்துத் துடைக்க ஆள் பாருங்கள். பூச்சு அரித்துப்போன இடத்தில் தடம் நிற்கும், ஆனாலும் படலம் குறையும். அதுவரை மற்ற சாமானோடு ஒரே பையில் போடாதீர்கள்.

இனி விவரத்துக்கு வருவோம். தப்புக்காரர்களின் கை அழிந்தது கெமராவின் குற்றமில்லை. 1/30இல் ஓடுகிற கை எந்தக் கெமராவிலும் நிற்காது. எப் எண் சிறியதானால் லென்சின் வாய் பெரிது. எப்5.6க்கும் எப்1.8க்கும் நடுவில் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு. அந்த இடத்திலேயே 50ஐ மாட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் போயிருந்தால் 1/300 வரை ஏறியிருக்கலாம்.

நிறம் மாறுவது டியூப் லைட்டின் வேலை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அந்த லைட் வினாடிக்கு 100 முறை எரிந்து அடங்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/320இல் திறந்து மூடும் ஷட்டருக்குத் தெரியும். ஒரு முறை உச்சத்தில் பிடிக்கும், ஒரு முறை அடங்கும்போது பிடிக்கும். 1/100 வைத்தால் ஒரு முழுச் சுற்றும் உள்ளே வந்துவிடும், எல்லாப் படமும் ஒரே நிறம். 80டி, ஆர்10 இரண்டிலும் உச்சம் வரும்வரை காத்திருந்து அடிக்கும் வசதி இருக்கிறது. 1200டியில் இல்லை.

ஆக, உங்கள் மூன்று குறையில் ஒன்றுக்குக் காசே வேண்டாம், ஒன்றை 1/100இல் சமாளிக்கலாம். ரதியின் கண்ணுக்குத்தான் கெமரா வேண்டும்.

ஹட்டன் கல்யாணக்காரன் எழுதியது:

அப்படிப் போடுங்கள் அண்ணே. ரதியின் கண்ணுக்கும் 80டி போதும் என்றுதான் சொல்கிறேன்.

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

ஒன்றரை வருடமாக ஆர்10 வைத்திருக்கிறேன், அதற்கு முன்னால் 80டி. இரண்டையும் தூக்கியவள் என்பதால் சொல்கிறேன்.

படத்தின் தரத்துக்காக மாறாதீர்கள். இரண்டும் 24 மெகாபிக்சல், படம் பதியும் சென்சரும் ஒரே அளவு. ஐஎஸ்ஓ 3200இல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதென்று என் பிள்ளைகளால் சொல்ல முடியவில்லை. வித்தியாசம் போகசில்தான். 80டியின் 45 புள்ளியும் நடுவில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். கெமராவை நெட்டாகப் பிடித்து ஆளை முழுசாக எடுத்தால் முகம் மேல் ஓரத்தில் வரும், அங்கே புள்ளி எட்டாது. திரும்பவும் திருப்பி எடுக்கத்தான் வேண்டும். 50 எம்எம்மில் எப்1.8 வைத்து இரண்டு மீற்றரில் நின்றால் தெளிவாக விழும் ஆழம் பத்து சென்ரிமீற்றர் அளவுதான். திருப்பும்போது நாம் அசைவோம், ரதியும் ஆடுகிறாள், கண் போய் தோடு வந்துவிடும். திரையில் பார்த்து எடுத்தால் 80டியும் முகத்தைத் தேடும், உண்மை. ஆனால் கும்மியடிக்கிற கூட்டத்துக்கு நடுவில் கையை நீட்டித் திரை பார்த்து எடுத்துப் பாருங்கள், தெரியும்.

ஆர்10 ஓரம் வரை கண்ணைத் துரத்தும். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூபைண்டரிலும் இருட்டு இல்லை, விழப்போகிற படமே வெளிச்சமாகத் தெரியும்.

இனிக் குறைகள். எமன் வேஷக்காரரின் முகத்தில் கரியும் சிவப்பும் அப்பியிருந்தால் கண் எது பொட்டு எது என்று அதற்கும் குழப்பம், பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளையின் முகத்துக்குத் தாவும். அப்போது புள்ளியைக் கையால் நகர்த்துவேன். சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டரைக் கூத்தில் தொடவே வேண்டாம். படம் மேலிருந்து கீழாக வரி வரியாகப் பதிவதால் தப்புக் குச்சி வாழைநார் மாதிரி வளைந்து விழும், டியூப் லைட்டில் கோடு கோடாக வரும், ப்ளாஷும் எரியாது. மெக்கானிக்கலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டரி விஷயத்தில் கல்யாணக்காரர் சொன்னது முழு உண்மை. நான் நான்கு வைத்திருக்கிறேன். எடை குறைவு என்று விளம்பரம் பார்த்து மயங்கவும் வேண்டாம். பெட்டரியோடு 429 கிராம், உங்கள் 1200டியைவிட ஐம்பது கிராம் குறைவு. 110 கிராம் அடாப்டரை மாட்டியதும் அந்த லாபம் போய்விடும். அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, அதனால் பழைய லென்ஸ் எதுவும் வெளிச்சத்தை இழக்காது, போகசும் குறையாது.

வரும் வெள்ளி எங்கள் தோட்டத்துக் கோயிலில் கரகம் பாலிக்கிறார்கள். வாங்க தம்பி, ஒரு மணிநேரம் கையில் தருகிறேன்.

டிக்கோயா சாரல் எழுதியது:

மிக்க நன்றி டீச்சர். கட்டாயம் வருகிறேன். 80டியையும் நாளைக்குக் கண்டிக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன். என்ன என்ன பார்க்க வேண்டும்?

ஹட்டன் கல்யாணக்காரன் எழுதியது:

ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். 80டி ஷட்டருக்குக் கம்பனி சொல்லும் ஆயுள் ஒரு லட்சம். படத்தின் விவரத்தில் அந்த எண் வராது, கணினியில் இணைத்துத்தான் எடுக்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம். மூடியைப் போட்டுக்கொண்டு பத்து வினாடி எடுத்து, சென்சரில் கெட்டுப்போன வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். சென்சர் அழுக்குக்கு எப்16 வைத்து வெள்ளைச் சுவரை எடுப்பார்கள். கடுகண்ணாவைப் பக்கம் மூடுபனி இறங்கியிருந்தால் அதைவிட நல்ல வெள்ளைச் சுவர் இல்லை, ஆனால் கடை டவுனுக்குள் இருக்கிறதே. வானத்தை எடுங்கள்.

பண்டாரவளை பழைய ரீல் எழுதியது:

லென்சைக் கழற்றி, வ்யூபைண்டருக்குள்ளும் டோர்ச் அடியுங்கள்.

டிக்கோயா சாரல் எழுதியது:

கண்டிக்குப் போய் வந்தேன். வெளியே புதுசு மாதிரி. எண்ணைக் கணினியில் காட்ட முடியாது என்றார்கள், சரி என்று விட்டேன். பழைய ரீல் அண்ணன் சொன்ன மாதிரி வ்யூபைண்டருக்குள் டோர்ச் அடித்தேன். மேல் மூலையில் அதே வெள்ளை நூல். "அது படத்தில் விழாது தம்பி" என்றார் கடைக்காரர்.

பண்டாரவளை பழைய ரீல் எழுதியது:

படத்தில் விழாது, அது நிஜம். ஆனால் அது எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்று அந்த நூல் சொல்லிவிட்டது. வேறு 80டி கிடைத்தால் பாருங்கள், இது வேண்டாம்.

டிக்கோயா சாரல் எழுதியது:

எல்லோருக்கும் கடைசிச் செய்தி. வெள்ளிக்கிழமை தலவாக்கலையில் டீச்சரின் கெமராவை வாங்கி என் 50 எம்எம்மை மாட்டினேன். கரகம் எடுத்தவர் ஆற்றிலிருந்து ஏறி வருகிறார், பின்னால் உடுக்கு, முன்னால் ஒரே ஒரு பெட்ரோமெக்ஸ் மாதிரி எல்ஈடி விளக்கு. கண்ணில் சின்னப் பெட்டி ஒட்டிக்கொண்டு நகர்கிறது, விடவே இல்லை. ஒரு மணிநேரத்தில் எடுத்த 90இல் ஏழோ எட்டோதான் மங்கல். பெட்டரி பாதிக்குக் கீழே இறங்கியதையும் பார்த்தேன், கல்யாணக்காரர் அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

ஆர்10 எடுத்துவிட்டேன். பெட்டரி மேலதிகமாக ஒன்றுதான் வாங்க முடிந்தது, அடுத்த சடங்குக் காசில் இன்னொன்று. 1200டியை விற்கவில்லை, 18-55ஐ மாட்டி ப்ளாஷோடு கூட்டப் படத்துக்கு வைத்திருக்கிறேன். 55-250 கொழும்புக்குத் துடைக்கப் போயிருக்கிறது. பரணிலிருந்து பையை இறக்கி, ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதத்தை வீதத்தில் காட்டும் ஒரு சின்ன ஈரமானியும் போட்டு வைத்தேன். முதல் நாள் 78 காட்டியது, இன்றைக்கு 47. இதைவிடக் குறைய வேண்டுமா?

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

வேண்டாம், 40க்கும் 50க்கும் நடுவில் இருக்கட்டும். ரொம்பக் காய்ந்தால் ரப்பருக்கும் ஆகாது. ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காய வையுங்கள், ஆனால் சமைக்கிற சட்டியில் வேண்டாம். விடியற்காலைக் குளிரிலிருந்து நேராக அடுப்படிக்குள் கெமராவைக் கொண்டுபோகும் பழக்கமும் வேண்டாம். பொலித்தீன் பையில் கட்டி, சூட்டுக்குப் பழகிய பிறகு திறவுங்கள்.

கண்டி ரோடு எழுதியது:

நான் முதலிலேயே சொன்னேன்.

டிக்கோயா சாரல் எழுதியது:

சொன்னீர்கள் அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். மாமா மகனிடம் அடுத்த மாசியும் நீயே ரதி கட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது மீசை வளர்க்கத் தொடங்கியிருக்கிறான், அதுதான் பயமாக இருக்கிறது.