காட்டை ஒட்டிய வீட்டைத் தீயிலிருந்து காக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

எங்கள் வீடு காட்டை ஒட்டிய சரிவின் மேற்பகுதியில் உள்ளது. ஓட்டுக்கூரை, மரச் சன்னல்கள், பின்சுவரை ஒட்டி விறகு அடுக்கு, அதற்குக் கீழே கோடையில் காய்ந்து நிற்கும் புல்வெளி. எல்லையில் அகலமான தீத்தடுப்புக் கோடு ஒன்றை வெட்டிவிட்டால் போதும் என்று என் தம்பி சொல்கிறான். எங்களிடம் பணமும் ஆள்பலமும் குறைவு என்பதால், முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று அறிந்தவர்கள் கூறுங்கள். நடக்கச் சிரமப்படும் தாயாரும் எங்களுடன் இருக்கிறார்.

மறுமொழி 1

எல்லையில் தொடங்காதீர்கள், வீட்டுச் சுவரில் தொடங்கி எல்லையை நோக்கிச் செல்லுங்கள். காட்டுத்தீயில் அழியும் வீடுகளுள் பெரும்பாலானவற்றைப் பற்றவைப்பவை, தீ வந்து சேர்வதற்கு முன்பே காற்றில் பறந்து வரும் கங்குகளும், அவை வீட்டருகே மூட்டும் சிறு தீயுமே. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வரக்கூடிய அவற்றை எந்தத் தடுப்புக் கோடும் நிறுத்தாது. கனடாவின் வடமேற்குப் பகுதியில் 1990களின் பிற்பாதியில் காட்டையே எரித்து நடத்திய சோதனைகளில், மர உச்சிவரை எழுந்த தீக்கு 10 மீட்டர் தொலைவில் நிறுத்திய மரச்சுவர்களிலேயே சில மட்டும்தான் பற்றின. 20 மீட்டரில் நின்றவை பற்றவில்லை.

ஆகவே கூரைதான் முதல் வேலை. உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். கூரை விளிம்பில் ஓடுகளுக்கு அடியிலுள்ள இடைவெளிகளைச் சாந்தால் அடையுங்கள். பரணில் சேர்ந்த சருகுகளையும் பறவைக் கூடுகளின் மிச்சங்களையும் அகற்றுங்கள். காற்றுத் துளைகளுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை வேண்டும். நெகிழி வலை உருகிவிடும். சுவரிலிருந்து 1.5 மீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல்லோ வெறும் தரையோ மட்டுமே இருக்கட்டும். கொடி, மிதியடி, பழைய கூடை எதுவும் அங்கே கூடாது. விறகு அடுக்கை இன்றே குறைந்தது 10 மீட்டர் தள்ளி வையுங்கள். இவற்றில் பெரும்பகுதிக்குப் பணமே தேவையில்லை.

மறுமொழி 2

மேலே கூறியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் உங்கள் வீடு சரிவின் மேலே இருப்பது முக்கியமானது. சரிவு 10 பாகை கூடுந்தோறும், மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கையாளும் கணக்கு. எனவே கீழ்ப்பக்கத்தில் 30 மீட்டருக்கு மேலும் புல்லைக் கணுக்கால் உயரத்துக்குள் வைத்திருங்கள். வெட்டிய புல்லை அங்கேயே காயவிடாமல் அப்புறப்படுத்துங்கள். கத்தி கல்லில் பட்டால் பொறி பறக்கும் என்பதால், இயந்திரத்தால் வெட்டுவதைக் கடுங்கோடைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்க்கத் தேவையில்லை. அப்படிச் செய்தால் அடுத்த மழையிலேயே சரிவின் மண் கரையும். அடியிலுள்ள புதரை நீக்கி, 2 மீட்டர் உயரம்வரை தாழ்கிளைகளைக் கழித்து, ஒரு மரத்தின் கிளை மற்றொன்றைத் தொடாதபடி விட்டாலே தீ தரையிலிருந்து உச்சிக்கு ஏறுவது கடினமாகிவிடும். தம்பி சொல்லும் கோடும் வீணன்று. தரையோடு ஊர்ந்து வரும் புல்தீயை அது தடுக்கும்.

கேள்வி கேட்டவர்

விறகை இன்று மாலையே இடம் மாற்றுகிறோம். கூரைமேல் நீர் தெளிக்கும் குழாய் அமைத்தால், தீ வரும்போது வீட்டிலேயே இருந்து காக்க முடியுமா?

மறுமொழி 3

தயவுசெய்து அதை நம்பித் தங்காதீர்கள். தீ நெருங்கும் நேரத்தில் மின்சாரம் நின்றுபோகும். தரைமேல் செல்லும் நெகிழிக் குழாய்கள் உருகும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று மூண்ட தீயில் 173 பேர் இறந்தனர். அவர்களில் பலர் வீட்டுக்குள் இருந்தவர்கள். தாயாரை அழைத்துச் செல்ல நேரம் பிடிக்கும் என்பதால், புகை தெரியும்வரை காத்திராமல், வெப்பமும் வறட்சியும் பலத்த காற்றும் சேர்ந்து எச்சரிக்கை வரும் நாளுக்கு முந்தைய இரவே புறப்பட்டுவிடுங்கள்.

வெளியேற இரண்டு வழிகளைத் தெரிந்து வைத்திருங்கள். புறப்படும்போது கதவு, சன்னல்களை மூடி, எரிவாயு உருளையை அடைத்து, முற்றத்து நாற்காலிகளை உள்ளே எடுத்து வையுங்கள்; தீயணைப்போர் நுழைவதற்காக வெளிவாயிலைப் பூட்டாமல் விடுங்கள். தீ கடந்த பின்னரும் கங்குகள் பல மணி நேரம் புகைந்துகொண்டிருக்கும். ஆதலால் திரும்பலாம் என்று அதிகாரிகள் அறிவித்ததும், முதலில் பரணையும் கூரை விளிம்பையும் பாருங்கள்.