ஐ-20 வந்தாச்சு, ஆனால் காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கா?

கேள்வி:
தம்பிக்கு அமெரிக்காவில் ஒரு சின்ன இண்டிபெண்டென்ட் பாப்டிஸ்ட் காலேஜில் பி.ஏ. பைபிள் சீட் கிடைத்திருக்கிறது. கேட்டலாகில் "மாநில அனுமதி உண்டு, டிராக்ஸில் விண்ணப்பித்துள்ளோம்" என்று இருக்கிறது (டிராக்ஸ் என்பது கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பாம்). மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் தருகிறார்கள் என்றால் அங்கீகாரம் உண்டு என்றுதானே அர்த்தம்? பிறகு வேறிடத்தில் எம்.ஏ. சேர முடியுமா?

பதில் 1:
இல்லைங்க, ஐ-20 வேறு, அங்கீகாரம் வேறு. அங்கீகாரம் பெற்ற மூன்று கல்லூரிகளாவது தங்கள் கிரெடிட்டையும் (படித்த பாடங்களுக்கான மதிப்பு) மாணவர்களையும் ஏற்கின்றன என்று காட்டினால், அங்கீகாரம் இல்லாத காலேஜும் ஐ-20 தர வழியுண்டு. அந்த மூன்று எவை என்று அவர்களிடமே கேளுங்கள், எம்.ஏ.வுக்கு முதலில் தட்ட வேண்டிய கதவுகள் அவைதான். "மாநில அனுமதி" என்பதும் பல இடங்களில் வெறும் மத விலக்குதான், அதாவது மதக் கல்லூரி என்பதால் மாநில உரிமம் தேவையில்லை என்ற சலுகை. ஃப்ளோரிடாவில் அந்த விலக்கில் இயங்கினால் பட்டத்தின் பெயரிலேயே மதம் சார்ந்த சொல் இருந்தாக வேண்டும்.

பதில் 2:
அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலான, அமெரிக்கக் கல்வித்துறையின் டேப்பிப் (DAPIP) தளத்தில் காலேஜ் பெயரைப் போட்டுத் தேடுங்கள். விண்ணப்பித்தது கணக்கில் வராது. டிராக்ஸிலோ, பைபிள் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபிஎச்இ-யிலோ "கேண்டிடேட்" ஆனால்தான் முன் அங்கீகாரம், அதாவது முழு அங்கீகாரத்துக்கு முந்தைய நிலை.

கேட்டவர்:
தேடினேன் சார். அதே பெயரில் மூன்று வருகின்றன, ஒன்றுக்கு அங்கீகாரம் இருக்கிறது.

பதில் 2:
ஊரையும் மாநிலத்தையும் ஐ-20யோடு ஒப்பிடுங்கள். "கிரேஸ்", "ஃபெய்த்", "கால்வரி" என்று தொடங்கும் பெயர்களில் வழக்கமாக ஏமாறும் இடம் இது. அங்கீகாரம் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் பாருங்கள்.

பதில் 3:
அங்கீகாரம் இல்லாததாலேயே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சபையின் விஷயத்தில் வெளியார் தலையிடக்கூடாது என்பது இண்டிபெண்டென்ட் பாப்டிஸ்ட் சபைகளின் பழைய கொள்கை. பாப்டிஸ்ட் பெயர் தாங்காவிட்டாலும் அதே வட்டாரத்தைச் சேர்ந்த பென்சகோலா கிறிஸ்டியன் காலேஜ் 1974-இல் தொடங்கி, 2013-இல்தான் டிராக்ஸ் அங்கீகாரம் பெற்றது. அப்படிப்பட்ட சபையிலேயே போதகர் வேலை என்றால் பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ராணுவச் சாப்ளின் (படைவீரர்களுக்கான போதகர்) வேலைக்கோ, ஹெச்-1பி வேலை விசாவில் அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கான தனி 20,000 இடங்களுக்கோ போனால் கல்லூரியின் அங்கீகாரத்தைப் பார்ப்பார்கள்.

டிராக்ஸ் இருந்தாலும் கிரெடிட்டை ஏற்பது அடுத்துச் சேரப்போகும் காலேஜின் விருப்பம். பணம் கட்டுமுன் எம்.ஏ.வுக்கு நினைக்கும் இரண்டு, மூன்று யுனிவர்சிட்டிகளின் அட்மிஷன் ஆபீஸுக்கு, காலேஜ் பெயர், ஊர், கேட்டலாக் பக்கத்தோடு ஈமெயில் போட்டு "இந்தப் பட்டத்தை ஏற்பீர்களா" என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னதை நம்பாதீர்கள்.