தணிக்கைத் தடை (ஆட்சேபணை) வந்திருக்கிறது: நடைச்சீட்டுக்கு என்ன செய்வது?

வணக்கம். அரசு ஒப்பந்த வேலை எடுப்பவர்கள், கணக்கு பார்ப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

சித்தப்பா 2019-20ல் ஒரு ஊராட்சிச் சாலை வேலையை முடித்தார். பில் எல்லாம் வாங்கியாயிற்று. இப்போது அடுத்த வேலையின் பில்லில் பிடித்தம் செய்வதாகக் கடிதம் வந்திருக்கிறது. ஜல்லி, எம்-சாண்டுக்கான நடைச்சீட்டு (கனிமம் ஏற்றிச் செல்லும் வண்டிக்கான அனுமதிச் சீட்டு) கோப்பில் இல்லையாம், சீனியரேஜ் (கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் கட்டணம்) தொகையை வசூலிக்கத் தணிக்கையில் எழுதிவிட்டார்களாம். அசல் சீட்டுகளை அப்போதே பில்லுடன் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். அதைத் தொலைத்தது யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை!

ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுக்கான கெடு 31.3.2021. அதனால் கிரஷர் இன்வாய்ஸ், இ-வே பில், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. எம்-புக் (வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) மட்டும் அலுவலகத்தில்.

இன்வாய்ஸைக் காட்டினால் தடையை நீக்குவார்களா? கனிமவளத் துறையில் நடைச்சீட்டுக்குச் சான்றிட்ட நகல் கிடைக்குமா? எம்-புக் பக்கங்களையும் பில்லுடன் வைத்த இணைப்புகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா, அல்லது அது அதிகாரிகளைச் சீண்டிவிடுமா? இதே மாதிரி பதில் எழுதித் தப்பித்தவர்கள் யாராவது இருந்தால், பெயர்களை மறைத்து அந்தக் கடித நகலைப் போடுங்கள், அவசரம்.