ஒளிப்பட இணையத்தளக் கலைச்சொற்கள்: ‘மேசன்றி’, ‘லைட்பொக்ஸ்’

வெள்ளவத்தையிலிருந்து

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

இணையத்தளத்தில் படங்களை அடுக்கிக் காட்ட உதவும் சிறு மென்பொருளான படத்தொகுப்புச் செருகியின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கும் வேலையில் இரண்டு சொற்கள் இன்னும் முடிவாகவில்லை. வரைவில், படங்களை அடுக்கும் முறைகளில் ஒன்றான ‘மேசன்றி’க்குச் ‘செங்கல் அடுக்கு’ என்றும், தட்டிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ‘லைட்பொக்ஸ்’க்கு ‘ஒளிப்பெட்டி’ என்றும் இருக்கிறது. இரண்டையும் மாற்ற வேண்டும். ஸ்டூடியோ வைத்திருப்பவர் தன் தளத்துக்கு அடுக்குமுறையைத் தெரிவுசெய்யும்போது அவர் கண்முன் இருப்பது அந்தப் பெயர் மட்டும்தான். பெயர் பிழைத்தால் தெரிவும் பிழைக்கும்.

செங்கற் சுவரில் ஒவ்வொரு வரியும் ஒரே உயரம். மேசன்றியில் நடப்பது நேர்மாறு: அகலம் எல்லாவற்றுக்கும் ஒன்று, உயரம் படத்துக்குப் படம் வேறு. செங்கல் வரிபோல வருவது பட்டியலில் அடுத்ததாக இருக்கும் ‘ஜஸ்டிபைட்’.

வித்தியாசம் சின்னதல்ல. பக்க அகலம் 1200 பிக்சல், படங்களுக்கு இடையில் 8 பிக்சல் என்று வைப்போம். 3:2 கிடைப்படம் இரண்டு, 2:3 நிலைக்குத்துப் படம் ஒன்று. ஜஸ்டிபைட் முறையில் வரியின் உயரம் என்பது, இடைவெளி போக மிஞ்சும் அகலத்தை அகல–உயர விகிதங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தது. 1184ஐ 3.667ஆல் வகுக்க 323 வரும். அப்போது கிடைப்படம் 484 × 323, நிலைக்குத்துப் படம் 215 × 323. பரப்பில் கிடைப்படம் 2.25 மடங்கு பெரிது. அதே மூன்று படங்களையும் மேசன்றியில் மூன்று நிரல்களில் போட்டால் அகலம் 395. கிடைப்படம் 395 × 263, நிலைக்குத்துப் படம் 395 × 592. அதே 2.25 மடங்குதான், ஆனால் இம்முறை பெரிதாவது நிலைக்குத்துப் படம்.

அரங்கேற்றப் படங்கள், மணமக்கள் நின்றபடி எடுத்த படங்கள் கூடுதலாக இருந்தால் மேசன்றி. காலிமுகத்திடல் மாலை, துறைமுகம் போன்ற அகலக் காட்சிகள் என்றால் ஜஸ்டிபைட். இந்தத் தெரிவைப் பெயரே சொல்லித்தர வேண்டும். ஆகவே ஜஸ்டிபைட்டுக்கு ‘நிரையடுக்கு’, மேசன்றிக்கு ‘நிரலடுக்கு’ என்று முன்மொழிகிறேன். நிரை என்றால் கிடைவரிசை, நிரல் என்றால் நிலைக்குத்து வரிசை; இங்கே இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பள்ளிக் கணிதத்தில் இரண்டும் இதே பொருளில்தான் இருக்கின்றன.

‘ஒளிப்பெட்டி’ இன்னும் சிக்கல். ஸ்டூடியோக்காரருக்கு அது நெகட்டிவ் வைத்துப் பார்க்கும் பெட்டி. புறக்கோட்டைக் கடைக்காரருக்கு உள்ளே விளக்கு எரியும் பெயர்ப்பலகை. இங்கே நடப்பதோ, சிறுபடத்தைத் தட்டியதும் அதே பக்கத்தின் மேல் படம் பெரிதாக விரிந்து பின்னணி மங்குவது. ‘விரிகாட்சி’ எப்படி? வினைத்தொகை என்பதால் ‘க்’ மிகாது. ‘விரிக்காட்சி’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

தம்பி, உங்கள் கணக்கு முற்றிலும் சரி. சொற்களில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

நிரை, நிரல் இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கின்றன. 360 பிக்சல் அகலமுள்ள போன் திரையில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தால் அவசரத்தில் பிரித்தறிய முடியாது. அத்தோடு நாங்கள் செய்நிரல் என்பதைத் தமிழ்நாட்டில் வெறுமனே நிரல் என்கிறார்கள். ‘நிரலடுக்கு’ என்றால் அங்குள்ளவர்கள் மென்பொருள் அடுக்கு என்று எடுப்பார்கள். எது மாறாமல் நிற்கிறதோ அதையே பெயராக்குவோம்: ஜஸ்டிபைட்டுக்குச் சமவுயர அடுக்கு, மேசன்றிக்குச் சமவகல அடுக்கு. கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் விளக்கம் கேட்கத் தேவையில்லை. எல்லாப் படத்தையும் சதுரமாக வெட்டிக் காட்டும் மூன்றாவது தெரிவுக்குச் சதுர அடுக்கு போதும். அதன் கீழே ‘3:2 படத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்படும்’ என்று கட்டாயம் எழுதுங்கள். கலியாணக் குழுப்படத்தில் ஓரத்தில் நிற்கும் சொந்தக்காரர்தான் முதலில் காணாமற் போவார்.

குறிப்புரையில் இன்னும் இரண்டு விஷயம் வர வேண்டும். சமவகல அடுக்கை, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்-இன் பன்னிரல் பண்பால் (பல நிரல்களாகப் பிரிக்கும் வசதியால்) செய்தால் வரிசை மேலிருந்து கீழாக ஓடும். ஒரே அளவான 42 படங்களை மூன்று நிரல்களில் போட்டால் முதல் வரியில் தெரிவது 1, 15, 29. தாலி கட்டும் படத்துக்குப் பக்கத்தில் விருந்துப் படம் வந்து நிற்கும். நிகழ்வின் ஒழுங்கு முக்கியமென்றால் சமவுயர அடுக்கே பொருத்தம். அதிலும் கடைசி வரியில் கவனம் வேண்டும்: ஒரேயொரு கிடைப்படம் மிஞ்சினால் சூத்திரப்படி அது 800 பிக்சல் உயரத்துக்கு ஊதிவிடும். கடைசி வரியை இழுக்காமல், வழமையான உயரத்திலேயே இடப்பக்கம் ஒதுக்கிவிட வேண்டும்.

‘விரிகாட்சி’ வேண்டாம். கமரா பிடிப்பவர் அதைப் பனோரமா என்றே வாசிப்பார். ‘மேல்விரி’ என்றால் என்ன? பெயராகவும் வினையாகவும் நிற்கும்: ‘மேல்விரியை மூடு’, ‘படம் மேல்விரியும்’.

வெள்ளவத்தையிலிருந்து

அக்கா, சமவுயர, சமவகல இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்வோம். ‘மேல்விரி’யும் எனக்குச் சம்மதம். அது பக்கத்தை விட்டு வெளியே போகவில்லை, மேலே விரிந்திருக்கிறது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. பார்வையாளரும் அப்படித்தான் நினைக்கிறார்; அதனால்தான் போனில் ‘பின்செல்’ பட்டனை அழுத்தி அதை மூடப் பார்க்கிறார். மேல்விரி திறந்தபோது உலாவியின் வரலாற்றில் ஒரு பதிவு சேர்க்கப்படாவிட்டால், அந்த ஒரே அழுத்தலில் அவர் அந்தப் பக்கத்தை விட்டே வெளியேறிவிடுவார். திறக்கும்போது ஒரு பதிவு சேர்க்க வேண்டும். பிறகு விரலால் தள்ளி அடுத்த படத்துக்குப் போகும்போது புதிய பதிவு சேர்க்காமல் இருக்கும் பதிவையே மாற்ற வேண்டும். இல்லையேல் 20 படம் பார்த்தவர் வெளியே வர 20 தடவை அழுத்த வேண்டியிருக்கும். முகவரி மட்டும் படத்துக்குப் படம் மாறட்டும். வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த படத்தின் இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்ப அதுதான் உதவும்.

விசைப்பலகையில் எஸ்கேப் மூட வேண்டும், அம்புக்குறிகள் படத்தை நகர்த்த வேண்டும். மூடியதும் குவியம் (விசைப்பலகை அப்போது இயக்கும் இடம்) அதே சிறுபடத்துக்குத் திரும்ப வேண்டும். பக்கத்தின் உச்சிக்குப் போகக்கூடாது.

கீழே உருட்ட உருட்டப் புதிய படங்கள் வந்துகொண்டே இருக்கும் ‘இன்பினிட் ஸ்க்ரோல்’க்குச் சொல் தேடி நேரம் செலவழிக்க வேண்டாம். ஸ்டூடியோத் தளத்தில் தொலைபேசி எண் அடியில்தான் இருக்கும், படங்கள் ஏறிக்கொண்டே இருந்தால் அங்கே போய்ச்சேர முடியாது. ‘மேலும் காட்டு’ பட்டன் போதும்.

பட்டியலில் ஒரு திருத்தம்: திரைக்கு அருகே வரும்போது மட்டும் படத்தை ஏற்றும் ‘லேஸி லோடிங்’க்கு ‘சோம்பல் ஏற்றம்’ என்றிருப்பதைத் தேவைநேர ஏற்றம் என்று மாற்றுவோம். குறிப்புரையில், திரையில் முதலில் தெரியும் பெரிய படத்துக்கு இதைப் போடக்கூடாது என்று சேர்க்க வேண்டும். முக்கிய படம் 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகிளின் அளவுகோல். தேவைநேர ஏற்றம் அதைப் பின்தள்ளும். எல்லாப் படங்களுக்கும் அகலம், உயரம் இரண்டையும் படத்தைப் பக்கத்தில் சேர்க்கும் குறியில் எழுதுவதும் கட்டாயம். எழுதாவிட்டால் படம் வந்து இறங்க இறங்கப் பக்கம் துள்ளும், தட்டப்போன விரல் வேறு படத்தில் விழும்.

தமிழ்ப் பட்டன்களின் வரியுயரம் ஆங்கிலத்துக்கு வைத்த, எழுத்தளவின் 1.2 மடங்கிலேயே இருக்கிறது. ‘மேல்விரியை மூடு’ என்பதில் மேலே ‘ரி’யின் மேல்விலங்கும் கீழே ‘மூ’வின் வாலும் வெட்டுப்படுகின்றன. தமிழ்ப் பக்கத்துக்கு மட்டும் 1.6 போட்டு, அடுத்த கோப்பில் அனுப்புகிறேன்.